ஆட்டுத்தோல் ஒட்டிய பியானோ

எங்கள் கிறிஸ்தவச் சபையில் பல வருஷம் எல்லாக் கல்யாணத்துக்கும் நான்தான் பியானோ வாசித்தேன். என் கல்யாணம் மட்டும் பதிவு அலுவலகத்தில், மின்விசிறிச் சத்தத்தோடு நடந்தது. நான் கட்டிக்கொண்டவர் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற இந்துக் குடும்பத்துப் பிள்ளை.

அடுத்த ஞாயிறு, சபைச் செயலாளர் ஆலய வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"உனக்கு இனிமே நற்கருணை அப்பமும் ரசமும் கெடையாதும்மா. பியானோவையும் தொடக் கூடாது. சபை ஒழுங்கு."

சொன்னதோடு விடவில்லை. பியானோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை வாசிக்க அங்கே வேறு ஆள் கிடையாது. வைக்கோல் போரில் படுத்த நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

அந்தப் பியானோவுக்கு உயிர் கொடுத்தவளே நான். ஒரு மழைக்காலத்தில் உள்ளே இருந்த தோல் துண்டுகளைப் பூச்சி அரித்துவிட்டது. சென்னையிலிருந்து ஆளை வரவழைப்பதா என்று கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. நான் வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனியில், ஷூவின் உள்பக்கத்துக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோலில் கழித்த துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். புத்திசாலி என்று நினைத்து ஷூ பசையாலேயே ஒட்டினேன். அது இறுகிப்போய் பாதிக் கட்டைகள் எழும்பவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து சுரண்டி, மைதாப் பசை காய்ச்சி மறுபடி ஒட்டினேன். அப்போது எந்த ஒழுங்கும் குறுக்கே வரவில்லை.

எட்டு வருஷம் நான் எந்தப் பியானோவையும் தொடவில்லை. பக்கத்து வீட்டில் ஞானப்பாட்டு கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

பிறகு என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. 'யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்' என்று மேலே பலகை. பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பழுப்பு ஆட்டுத்தோல், என் கத்தரிக்கோல் கோணலாக வெட்டிய துண்டுகள். எங்கள் சபை கொடுத்த அன்பளிப்பு என்றார் காவலாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கே திறந்துவிட்டவர்களுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

"இன்னா பாத்துட்டே நிக்கிற? எக்ஸ்ரேக்கு இன்னும் நேரம் இருக்கு. உக்காந்து வாசி" என்றார் வீட்டுக்காரர், வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

கோபத்தில்தான் வாசித்தேன். இரண்டு கட்டைகள் ஊமை. வலது கைக்கு எல்லாம் நினைவிருந்தது, இடது கை தடுமாறியது. கையில் கட்டுப் போட்ட ஒரு அம்மா கூடவே முனகிப் பாடிவிட்டு, "இன்னொன்னு வாசிம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூடத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்குக் கல் கரைந்த பிறகும் சனிக்கிழமை தோறும் ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினேன்.

ஒரு சனிக்கிழமை அதே செயலாளர் கையில் டோக்கனோடு வந்தார். மெலிந்திருந்தார். ஒரு பாட்டு முடியும்வரை நின்றார்.

"கிறிஸ்துமஸ் வருதும்மா. கீபோர்டு வாசிச்சவன் சென்னைக்குப் போய்ட்டான். நீ வந்து வாசிச்சுக் குடேன்."

எட்டு வருஷமாக நான் காத்திருந்த அழைப்பு.

"நற்கருணை குடுப்பீங்களா ஐயா?"

அவர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது கமிட்டி முடிவும்மா. நீ வாசிக்க மட்டும் வா."

என் கை வேண்டும், வாய் வேண்டாம்.

"நான் இங்கதான் வாசிக்கிறேன். நீங்க உக்காந்து கேளுங்க" என்று நாற்காலியைக் காட்டினேன்.

அவர் உட்கார்ந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் வாசித்த பாட்டு நினைவிருந்தது. அதையே வாசித்தேன். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் நிறுத்தவில்லை.