வெள்ளத்தில் முன்னே நடந்தவள்

என் மனைவி என்னை ஒரேயடியாக விட்டுப் போன கப்பலுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். மலாக்காவில் காஜா பேராங்கிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் வரை, வெள்ளத்துக்கு நடுவே, வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன். கிளம்பும்போது அவள் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியாது. பாதி வழியில் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும் ஓட்டினேன். ஏன் ஓட்டினாய் என்று கேட்டவர்களிடம் இத்தனை வருஷமாக எதையெதையோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். கேட்டவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி யாரிடம் மழுப்புவது?

அப்போது மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்திருக்கவில்லை. கிடைக்கப் போகிறது என்ற பேச்சு மட்டும் டாக்சி ஸ்டாண்டில் காலையிலிருந்து மாலை வரை ஓடும். எனக்கு முப்பது வயது, சொந்த டாக்சி, யாருக்கும் அடங்காத கை. என் மட்கார்டை உரசிவிட்டுப் போன பஸ்ஸின் கண்டக்டருக்கு முன்பல் இரண்டு போனது என்னால்தான். வெளியில் அடிப்பதற்காவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. வீட்டில் அதுவும் வேண்டாம். கதவைத் திறக்க ஒரு நிமிஷம் தாமதமானால் போதும். ஒருமுறை அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள். எலும்பு கோணலாகத்தான் கூடியது.

வண்டியிடம் மட்டும் நான் சாது. கதவை யாராவது பட்டென்று சாத்தினால் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

பக்கத்து வீட்டில், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்கா செட்டிப் பெண்மணி ஒருத்தி இருந்தாள். சாரோங் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பாள். எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் வாசலில் வந்து நின்று "சுக்கோப், சுக்கோப்" என்பாள். மலாயில் போதும், போதும் என்று அர்த்தம். நான் அவளைத் தமிழில் வண்டை வண்டையாகத் திட்டுவேன். அவளுக்கோ கோயிலில் கேட்ட பத்துத் தமிழ்ச் சொல்லுக்கு மேல் தெரியாது. என் வசவெல்லாம் வீண். என் மனைவிக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அவள்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

என் மனைவிக்கு இந்தியாவில் ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது, அவள் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள் என்று. மூன்று மாதம் போய்விட்டு வருகிறேன் என்றாள். பெற்றவளைப் பார்க்க விடாத பாவி என்று ஸ்டாண்டில் பேசுவார்களே என்று சம்மதித்தேன். நாலு வயது மகளையும் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

கப்பல் ஏறும் வாரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. மலாக்கா ஆறு கரை தாண்டி வீடுகளுக்குள் வந்துவிட்டது. எங்கள் கட்டிலுக்கடியில் முழங்கால் தண்ணீர். செத்த ஆடுகளும் கோழிகளும் வயிறு ஊதித் தெருவில் மிதந்து போயின. எதிர்வீட்டுக்காரன் ஒரு மலைப்பாம்பை வாசற்படியிலேயே பாராங் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டான். பஸ் இல்லை, தம்பினிலிருந்து ரயிலும் இல்லை. ஐந்தாம் நாள் மழை விட்டது. அடுத்த நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல்.

ஸ்டாண்டில் வயதான டிரைவர் ஒருவர் இருந்தார். அவரை வரச் சொல்லலாமா என்று மெதுவாகக் கேட்டாள். ஓங்கி ஓர் அறை விட்டேன். என் பெண்டாட்டி அடுத்தவன் வண்டியில் ஏறிப் போவதா? அந்த அறையோடு, நான்தான் ஓட்டுவது என்று முடிவாகிவிட்டது. அவள் போட்டு வைத்திருந்த கணக்கில் நான் இல்லவே இல்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

விடியும்போது கிளம்பினோம். வெள்ளத்தில் வண்டி ஓட்டுவது எனக்குக் கைவந்த வேலை. விசிறி பெல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி என்ஜின் மேல் அடிக்கும். முதல் கியரிலேயே போக வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே கூடாது, எடுத்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி வண்டி படுத்துவிடும். கரை ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய்க் காயவைக்க வேண்டும். நனைந்த பிரேக் பிடிக்காது. முக்கியமாக, தண்ணீரில் கோபப்படக் கூடாது. இதையெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நூறு தரம் அவளிடம் பெருமையடித்திருக்கிறேன். ஆழம் பார்க்க என் உயரத்துக்கு ஒரு கம்பு வெட்டிக் காரின் மேல் கட்டினேன்.

அலோர் காஜா வரை இரண்டு இடத்தில் தண்ணீர். கம்பால் குத்திப் பார்த்துக் கடந்தோம். அதற்கப்புறம் போலீஸ் தடுப்பு. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கடத்திவிடக் கூடாது என்று சாலைக்குச் சாலை சோதனை நடந்த காலம் அது. இரும்புப் பெட்டியை இறக்கித் திறக்கச் சொன்னார்கள். மலாய்க் கான்ஸ்டபிள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரச் சாலையில் வைத்தான். மகளின் பிறப்புப் பத்திரம் வந்தது. அடியிலிருந்து, அவள் கல்யாணப் புடவையில் சுற்றிய ஒரு கனத்த பொட்டலம் வந்தது. பிரித்தான்.

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு. கல்யாணமாகி வரும்போது அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தினமும் அவள் ஏற்றுவது.

மூன்று மாதத்துக்கு ஊருக்குப் போகிறவள் குத்துவிளக்கையா தூக்கிக்கொண்டு போவாள்? அது கான்ஸ்டபிளுக்குப் புரிய வழியில்லை, ஆயுதம் இல்லை என்று ஓரமாக வைத்துவிட்டான். எனக்குப் புரிந்தது. அவளைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பவில்லை. துப்பாக்கிகளுக்கு முன்னால் கையை ஓங்க முடியாது. பெட்டியை மூடி ஏற்றினேன். வண்டியை எடுத்தேன். ரெம்பாவ் வரை எங்கே நிறுத்தலாம் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

நிறுத்த இடம் தானாக வந்தது. ரெம்பாவைத் தாண்டி ஓரிடத்தில் சாலையே காணவில்லை. கால் மைலுக்கு மேல் செம்மண் தண்ணீர், இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு ஓடியது. வேரோடு பிடுங்கிய ரப்பர் மரங்கள் உருண்டு போயின. ஓர் எருமை நாலு காலையும் மேலே தூக்கியபடி சுற்றிச் சுற்றிப் போயிற்று. எங்களுக்கு முன்னால் ஒரு மரலாரி மட்டும் நின்றது. அக்கரையில் சில மலாய்க்காரர்கள் குந்தியிருந்தார்கள்.

இறங்கினேன். கம்பை அவிழ்த்துத் தண்ணீரோரம் குத்தி வைத்தேன். பிறகு பின்கதவைத் திறந்து அவள் கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். எத்தனை அடி என்று சொல்லத் தெரியவில்லை. முகத்தில் அடித்தேன், விழுந்ததும் உதைத்தேன். திட்டம் போட்டு என்னையே டிரைவராக்கினாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவள் அழவில்லை. அது இன்னும் வெறியேற்றியது. மகள் வண்டிக்குள் அலறிக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரன் சீனன், என்னைவிட ஒரு சாண் உயரம். பெண்ணை அடிக்காதே என்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தான். அவன் வயிற்றில் முட்டினேன். அவன் என் உதட்டைக் கிழித்தான். இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டோம். வண்டியிலிருந்து, என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் கம்பியை எடுத்து அவன் தோளில் இறக்கினேன். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அவன் மண்டையைப் பார்த்து மறுபடி ஓங்கியபோது அக்கரையில் எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். எங்களைப் பார்த்து அல்ல. தண்ணீரைப் பார்த்து.

அவள் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

மகளை இடுப்பில் வைத்திருந்தாள். வலக்கையில் என் கம்பு. டிக்கெட் பை கழுத்தில் தொங்கியது. பெட்டியை விட்டுவிட்டாள், விளக்கையும் விட்டுவிட்டாள். தண்ணீர் தொடை வரை வந்துவிட்டது. கம்பால் குத்திப் பார்த்து, ஓர் அடி வைத்து, மறுபடி குத்தினாள். நான் செய்வது போலவே நடுச்சாலையைப் பிடித்துப் போனாள். கப்பலுக்கு நடந்தே போகிறாள் என்று தோன்றியது.

கம்பியைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினேன். காப்பாற்றத்தான் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். இழுத்துக்கொண்டு வரத்தான் ஓடினேன். பெல்ட்டைத் தளர்த்தி, முதல் கியரில் தண்ணீருக்குள் இறக்கினேன். இருபது முப்பது கஜம் போவதற்குள் அவளை எட்டிவிட்டேன். அப்போதுதான் என் நிலைமை எனக்கு விளங்கியது. அவளைச் சுற்றிக்கொண்டு போக முடியாது, சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நிற்கவும் முடியாது, நின்றால் வண்டி படுத்துவிடும். அவளுக்குப் பின்னால் அவள் நடக்கும் வேகத்தில் போவதைத் தவிர வேறு வழியில்லை. கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரை விடாமல் ஊர்ந்தேன். ஒரு கட்டத்தில் பம்பருக்கும் அவள் முதுகுக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது.

கிளட்ச்சிலிருந்து இடது காலை எடுத்தால் போதும், வண்டி அவள் மேல் பாய்ந்துவிடும். கிளட்ச் விட்டுப் போச்சு என்று சொல்லியிருக்கலாம், யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நினைப்பு வந்தது. வந்து போகவில்லை, கூடவே இருந்தது, அக்கரை வரை. நடுவில் அவள் ஒருமுறை தடுக்கி மார்பு வரை அமிழ்ந்தாள். மகள் என் பக்கம் திரும்பி, கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். கிளட்ச் கருகும் நாற்றம் வண்டிக்குள் நிரம்பியது. அவள் கம்பை ஊன்றி எழுந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் காலை எடுக்கவில்லை? அன்பு என்று சொன்னால் பொய். மகள் அவள் இடுப்பில் இருந்ததுதான் பாதிக் காரணம். மீதி, வண்டி கெட்டுப்போகுமே என்ற பயம். அவ்வளவு கேவலமானவனாக இருந்தேன். அதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கரையில் மலாய்க்காரர்கள் அவளைக் கைகொடுத்து ஏற்றினார்கள். ஒருவர் பாராங்கைக் கையில் வைத்துக்கொண்டு என் கதவோரம் வந்து நின்றார். அவள் அவரைத் தாண்டி வந்து, மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, தானும் ஏறினாள். வாயோரம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. புடவைத் தலைப்பைப் பிழிந்து மகளின் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பிரேக்கு நனைஞ்சிருக்கும். மொதல்ல காய வச்சிட்டு அப்புறம் வேகமா போங்க. அஞ்சு மணிக்குக் கப்பலு."

சொன்னபடி செய்தேன். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவள் சொல்லி நான் செய்த முதல் காரியம் அதுதான். சிரம்பான், காஜாங், கோலாலம்பூர், கிள்ளான் என்று ஊர்கள் போயின. வழியெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன, ஒரு பாலத்தில் பாதிக் கைப்பிடியைக் காணவில்லை. பின்னால் அவள் மகளின் தலையைத் துவட்டிக் கட்டிவிட்டாள். கண்ணாடியில் அவள் வீங்கிய முகம் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் பார்வையை எடுத்துக்கொண்டேன்.

நாலே காலுக்குப் போர்ட் சுவெட்டன்ஹம். பெட்டியை நானே தலையில் வைத்துச் சுமந்தேன். டாக்டர் சோதனை செய்யும் இடத்தில் வெள்ளைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, அதைத் தமிழில் சொன்னார். கிணற்றடியில் விழுந்தேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"இவரு அடிச்சாரு" என்றாள்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாளில் முத்திரையைக் குத்தி அவளிடம் கொடுத்தார். என் வேட்டியெல்லாம் சேறு, கிழிந்த உதடு, தலையில் பெட்டி. சுற்றிலும் நின்றவர்களும் பார்த்தார்கள். பெட்டியை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

படிக்கட்டுக்குப் போகும் வழியில், கூட வருகிறவர்கள் நிற்க வேண்டிய கயிறு வரை போனேன். கூலியாள் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னித்துவிடு என்ற வார்த்தை என் வாயில் அதுவரை வந்ததில்லை, அப்போதும் வரவில்லை. நியாயம் பேசத்தான் வந்தது.

"ஒன்ன அடிச்சேன், சரி. புள்ள மேல ஒரு நாளாவது கை வச்சிருக்கேனா? அதை ஏன்டி கூட்டிட்டுப் போற?"

"வைக்கிறதுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

குரல் உயரவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினாள். கொஞ்ச நேரத்தில் மேல்தட்டில் கம்பியோரம் இருவரும் தெரிந்தார்கள். கப்பல் ஊதியது. கயிறுகளை அவிழ்த்தார்கள். சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். நானும் கையசைக்கலாம் என்று வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

மகள் சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

அவள் அம்மா குனிந்து காதில் ஏதோ சொன்னாள். அப்பா டாட்டா காட்டுகிறார் என்று சொல்லியிருப்பாள். தலையிலிருந்து கைகளை மெல்ல எடுத்துவிட்டாள். நான் கையை இன்னும் தூக்கியபடியேதான் நின்றேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் தலையை மூடிக்கொண்டாள். நான் கையை இறக்கிய பிறகுதான் நிமிர்ந்தாள்.