இரண்டு கமாக்களுக்கு நடுவே

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டைத் துண்டு ஒன்றால் வரியின் நடுப்பகுதியை மூடிப் பார்க்கிறார் கமாக்காரர். உதடு மட்டும் அசைகிறது. "இதை எடுத்துட்டாலும் வாக்கியம் நிக்குது. அப்போ ரெண்டு பக்கமும் கமா போடு" என்று தமக்குத்தாமே உத்தரவு போட்டுக்கொள்கிறார்.

ஆங்கில நாளிதழ் ஒன்றின் இரங்கல் விளம்பரங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது அவர் வேலை. விளம்பரம் கொடுக்க வந்தவர்கள் எதிரே மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். இவர் தலை நிமிராமல் கேட்பார்: "பேங்க்ல வேலை பார்க்கிற மகன்னு எழுதியிருக்கீங்களே, மகன் ஒருத்தரா, ரெண்டு பேரா? ஒருத்தர்னா பேங்க் சும்மா உபரி, கமாவுக்குள்ள போட்டுடலாம். ரெண்டு பேர்னா அதுதான் ஆளையே காட்டுது, கமா கூடாது." சாவு வீட்டுக்காரர்களிடம் இந்த விசாரணையா என்று சிலர் முறைப்பார்கள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருப்பார்.

ஆளையே நீக்கச் சொல்லியும் வருவார்கள். ஓடிப்போன மகள், கோர்ட்டுக்குப் போன தம்பி. "சண்டை உங்களோட. கமா மட்டும்தான் என்னோடது" என்று பெயரை அடித்துக் கொடுத்துவிடுவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் வம்பென்றால் காத தூரம் ஓடுபவர்.

போன மாதம் அவருடைய ஒரே மகன் சாலை விபத்தில் போய்விட்டான். விளம்பரத்தை அவரே எழுதினார். 'எங்கள் மகன், இன்னாரின் கணவன், காலமானான்' என்று மருமகளைக் கமாக்களுக்கு நடுவே வைத்திருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அவ வந்த நேரம்தான் என் புள்ளைய முழுங்கிடுச்சு. அவ பேரு இதுல வரக்கூடாது."

பக்கத்து அறையில் மருமகள் அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண். அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு வீடுதான். கதவு திறந்தே இருந்தது.

"மெதுவா பேசேன்" என்றார் அவர். பேனா வழக்கம்போல் அந்த இரண்டு சொற்களையும் அடித்தது.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. ஆளை எடுத்தவர் கமாக்களை எடுக்க மறந்திருந்தார்: 'எங்கள் மகன், , காலமானான்.' அவர் பார்த்து அனுப்பியதைத் திருத்தும் துணிச்சல் அலுவலகத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

மருமகள் படித்தாள். தாளை மடித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு வந்து நின்றாள்.

"நான் கிளம்பறேன், மாமா."

இரும்மா என்று சொல்ல அவர் வாயெடுத்தார். சமையலறையில் மனைவி ஒரு பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். அவர் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வழியனுப்ப அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.