முதலிடம் கேட்ட வங்கி

கடந்த செவ்வாய்க்கிழமை, பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அறையில் பேனாவைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். கையெழுத்து மட்டும் வரவில்லை...

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எனக்கொரு இரண்டு மாடி வீடு இருந்தது. மனைவி காலமானபின், மேல்மாடியில் வாடகைக்கு இருந்த சாந்திக்கே அதை விற்றேன். மருத்துவமனைத் துப்புரவுப் பணியை நம்பி எந்த வங்கியும் அவருக்குக் கடன் தரவில்லை.

“வங்கி என்னத்துக்குப் பிள்ளை? விலையை மாதாமாதம் எனக்கே கட்டு” என்றேன்.

ஆறாண்டுகள். நான் வாழ்ந்த கீழ்வீட்டுக்கு மாறி, மேல்மாடியை வாடகைக்கு விட்டு, ஒரு மாதமும் தவறாமல் கட்டினார்.

இப்போது சாந்திக்கு ஓர் ஆசை: சொந்தமாக ஒரு கார்டெறி, குழந்தைகள் காப்பகம். வீட்டில் தாம் பணம் கட்டி முடித்த பங்கை ஈடுவைத்தால் கடன் கிடைக்கும். ஒரே நிபந்தனை—வீட்டின்மேல் முதல் உரிமை வங்கிக்கு. மீதி விலைக்காக இதுவரை முதலிடத்தில் இருந்த நான் இரண்டாமிடத்துக்கு இறங்கவேண்டும்.

டோர்வலில் என்னோடு வாழும் மகள் கொதித்துவிட்டாள். “அப்பா, விசரே உங்களுக்கு? கார்டெறி படுத்துதெண்டால் வங்கி எடுத்து மிஞ்சினதுதான் உங்களுக்கு!”

அவள் சொன்னது நியாயம். முதுமைக்கு எனக்கிருக்கும் ஒரே பிடி அந்தப் பணம்.

ஆனால் நாள்தோறும் விடியலில், ‘உடைமையெல்லாம் உனதே’ என்று பாடியல்லவா இறைவன்முன் உருகுகிறேன்? பாட்டில் கொடுத்ததைப் பத்திரத்தில் திருப்பிக் கேட்பதா?

நொத்தாரிசின் மேசைமுன் நான் தயங்குவதை அருகிலிருந்த சாந்தி கண்டுகொண்டார். “மனமில்லாட்டி வேண்டாம் ஐயா. உங்கட காசு உங்களுக்குப் பத்திரமா இருக்கோணும். நான் துடைப்பத்தோடையே நிண்டு பிடிப்பன்” என்று சிரித்தார். கண்கள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்த ஆறாண்டுகளும் நினைவில் எழுந்தன. சாந்தி காசோலையை ஒருமுறையேனும் என் கையில் தந்ததில்லை. என் மனைவி சுவரில் வைத்துவிட்டுப்போன சுவாமி தட்டை அந்த வீட்டில் அவர் அசைக்கவே இல்லை. ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு பூவோடு காசோலையை வைத்துவிட்டு என்னை அழைப்பார்.

“முதல் சாமிக்கு, பேந்துதான் உங்களுக்கு. எடுங்கோ ஐயா.”

முதலிடத்தை இழக்கிறேனென்று கலங்கினேனே... அது எப்போது என்னிடம் இருந்தது?

கையெழுத்திட்டேன். சாந்தி தலைகுனிந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். நொத்தாரிசு “மெர்சி” என்று நன்றி சொல்லிப் பத்திரத்தை மூடினார்.

வீடு திரும்பியதும் மகள் கேட்டாள்: “அப்ப நீங்கள் இப்ப ரெண்டாவதோ?”

“இல்லையம்மா, மூன்றாவது. வங்கிக்குத் தெரியாமல் ஒருவர் முன்னுக்கு இருக்கிறார்.”