மச்சான் வந்தால் நீலம்

மகளின் படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்க இன்று சுங்கைப்பட்டாணிக்குப் போனேன்.

எந்தப் பிராசசர் நல்லது என்று மூன்று வாரமாக வீடியோ பார்த்து, ஒரு முடிவோடுதான் போனேன். நீலக் கம்பெனி, சிவப்புக் கம்பெனி இரண்டும் ஒரே வேகம். சிவப்பு விலை குறைவு. அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்கு ஒருவர் சிப் பேக்டரியில் வேலை பார்க்கும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் அவ்வளவு சுலபமாக முடிவெடுக்க முடியுமா? என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், நீலக் கம்பெனி பேக்டரியில் சிப் சோதிக்கிறார். என் தங்கை கணவருக்குச் சிவப்புக் கம்பெனியில் அதே வேலை.

கடையில் நிற்கும்போதே மச்சான் போன் செய்தார். "மாப்ள, நீலந்தான் எடுக்கணும். நான் டெஸ்ட் பண்ண சிப்பாகூட இருக்கும்லா!"

வைத்ததும் தங்கை கணவர். "மச்சான், நீலத்த வாங்குனீங்க, உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

வேகம் என்ன, விலை என்ன என்று இருவரும் கேட்கவே இல்லை.

கடைக்கார அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சிவப்புக்குப் பில் போட்டார். பிறகு டிராயரைத் திறந்து நீலக் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றை நீட்டினார்.

"இது ஃப்ரீ அண்ணே. மச்சான் வந்தா கம்ப்யூட்டர்ல இருக்குற சிவப்பு ஸ்டிக்கர் மேல ஒட்டுங்க, போனதும் உரிச்சிடுங்க. இங்க பாதிப் பேருக்கு இதான்லா குடுக்குறேன்."

மூன்று வார வீடியோவில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

ஒரே சிக்கல், தீபாவளிக்கு இருவரும் ஒன்றாகத்தான் வருவார்கள். அன்றைக்கு எதை ஒட்டுவது? பேக்டரியில் சொந்தக்காரர் உள்ளவர்கள் மட்டும் பதில் சொல்லவும்.