அடுப்புக்கு மேலே தொங்கிய சாமை

அம்மாவுக்குத் திரி ஸ்டவ் வாங்கிய சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமன், ஒரு சாமை மூட்டையோடு வந்து இறங்கினார். மலையில் அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அறுத்த கொஞ்சத்தில் விதைக்கென்று எடுத்ததை எங்கள் வீட்டில் கொடுத்து வைக்க வந்திருந்தார்.

"அங்க வச்சா பசியில தின்னுடுவோம்க்கா. உங்கிட்டன்னா பத்திரம்."

பஞ்சம் வரும்போல் தெரிந்தால் விதையை வேறொரு வீட்டில் வைப்பது மலைக்காரர்கள் வழக்கம். அப்பா விடாமல் கேட்டார். "மலைக்குக் கீழ வூடே இல்லியா மச்சான்? திர்வொத்தியூரு வரைக்கும் தூக்கினு வந்துகீற?" மாமன் டீயை ஊதி ஊதிக் குடித்தார். அப்பாவிடம் அவருக்குக் கொஞ்சம் பயம். முன்பொருமுறை சும்மா கொண்டுவந்த தினையை, பெண்டாட்டி வீட்டுச் சோறு வேண்டாமென்று அப்பா திருப்பி அனுப்பியிருந்தார்.

விதை புகையில் தொங்கினால்தான் பூச்சி அண்டாது. கிருஷ்ணாயில் புகை ஆகாதாம். ஸ்டவ் பரணுக்கு ஏறியது, பழைய மரத்தூள் அடுப்பு இறங்கியது. காலடிப்பேட்டையில் எங்களோடு குடியிருந்த அத்தனை பேர் கண்ணும் எரிந்தது. மரவாடிக்குப் போய்த் தூள் அள்ளி வருவது என் வேலை.

அதோடு என் நிம்மதி போயிற்று. கயிறு அறுந்தால்? எலி ஏறினால்? கடல்காற்று பட்டு உளுத்துவிட்டால்? மாமன் பிள்ளைகளின் அடுத்த வருஷச் சோறு எங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலும் அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. கவலைப்படுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அடைமழையில் வேலை நின்றதும் எங்களுக்குக் கோதுமைக் கஞ்சிதான். பக்கத்து வீட்டு மீன்கார அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாமே இது, சோத்தைத் தூக்குல மாட்டிட்டு நீ கஞ்சி குடிச்சிகினு கீற?"

"அது சோறு இல்லக்கா, வெதை" என்றாள் அம்மா. அப்பா மேலே ஒருதரம் பார்த்தார். பிறகு கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

மழை விட்டதும் அம்மா ஒரு பிடி சாமையை எடுத்து ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தாள். காலையில் பிரித்தால் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. மாமன் கேட்டால் என்ன சொல்வது என்று நானே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் பிரித்தபோது சாக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை. அம்மா என் தலையைக் கலைத்துவிட்டுத் தூள் அடுப்பை மூட்டினாள்.

ஆனியில் மாமன் வந்து மூட்டையை எடுத்துப் போனார். அறுப்பு முடிந்ததும் இரண்டு மூட்டையோடு திரும்பி வந்தார். ஒன்று, அடுத்த வருஷத்து விதை. இன்னொன்றை அப்பாவின் முன்னால் இறக்கினார்.

"வெதை காத்த வூட்டுக்கு இது பங்கு. சும்மா குடுக்கல. எங்க மொறை."

அப்பா மோவாயைத் தடவினார். "மொறைன்னா சரி மச்சான்."

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சாமைச் சோறு, நெத்திலிக் குழம்பு. அதற்குப் பிறகு எந்த ஐப்பசியிலும் நாங்கள் கோதுமைக் கஞ்சி குடிக்கவில்லை. மாமன் வீட்டை நாங்கள்தான் காப்பாற்றினோம் என்று மீன்கார அக்காவிடம் நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

மலையடிவாரத்திலேயே அம்மாவின் அக்கா, என் பெரியம்மா வீடு இருந்தது. அங்கே விறகடுப்பு பொழுதுக்கும் புகைந்துகொண்டிருக்கும். லீவுக்குப் போய் அந்தப் புகையில் கண்ணைக் கசக்கியவள்தான் நானும். இருந்தும் அந்த வீட்டைத் தாண்டி மாமன் ஏன் எங்களிடம் மூட்டையைத் தூக்கி வந்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.