கறுப்பு எருமையை அம்மா ஓட்டிய நாள்

அப்பாவுக்கு இரண்டு குடும்பங்கள் என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவர்கள் திடுக்கிட்டு முடிப்பதற்குள், ஒன்று வீட்டுக்குள்ளே, மற்றது கராஜுக்குள்ளே என்று தேத்தண்ணீரை நீட்டுவார்.

கராஜுக்குள் இருந்தது ஓர் அமெரிக்கக் கார். அம்மாவும் அப்பாவும் கலியாணம் செய்வதற்கு முன்பே பிறந்தது. இரண்டே கதவுகள், நீண்ட மூக்கு, தலை முதல் கால் வரை கறுப்பு. அம்மா அதற்குக் கறுப்பு எருமை என்று பெயர் வைத்திருந்தார். ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் அப்பா அதை வாங்கினாராம். நாங்கள் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது சட்டிபானைகளுக்கு முன்னால் அதுதான் எங்கள் ஹரோ வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதில் டர்போ என்றொரு சாமான் இருந்தது. நத்தை ஓடு மாதிரி இருக்கும். எஞ்சின் விடுகிற சூட்டுக்காற்றிலேயே சுழன்று, அதே எஞ்சினுக்குள் இன்னும் கூடக் காற்றைத் திணிக்கும். பிறவியில் வந்த டர்போ அப்பாவுக்குப் போதவில்லை. கழற்றிவிட்டுப் பெரிய ஒன்றைப் பூட்டினார். அதற்குப் பிறகு காற்றைக் குளிரவைக்கும் பெட்டி சின்னதாகிப் போனது. அதை மாற்றியதும் பெற்றோல் பம்ப் சின்னதாகிப் போனது. இப்படி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் காரின் பொனெற்றுக்குள் விழுந்து காணாமல் போயின.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்படியொரு ஞாயிறு காலையில் அப்பா குனிந்து காரின் சில்லொன்றைத் தூக்கினார். முதுகின் கீழே நாரி பிடித்துக்கொண்டது. அவரை மாடிக்கு ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு இறங்கும்போதுதான் அக்கா அழத் தொடங்கினாள். லண்டனின் மறுகோடியில் குரோய்டனில் அவளுடைய சிநேகிதிக்கு அன்று நடன அரங்கேற்றம். வயலின் வாசிக்க வேண்டியவள் அக்கா. அம்மாவின் சின்னக் கார் திருத்த வேலைக்குப் போயிருந்தது. தண்டவாள வேலை நடப்பதால் ரயில் இல்லை. டாக்ஸிக்காரரோ மத்தியானத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எருமை நிக்குதுதானே. நீர் கொண்டு போம்."

அம்மா படியேறிப் போய்க் கதவடியில் நின்றார். தன் பெயரில் இன்சூரன்ஸ் இல்லாத காரை எப்படி ஓடுவது என்று கேட்டார். உம்முடைய பெயரும் அதில் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் போட்டுத்தான் வருகிறேன் என்று அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார். அம்மாவுக்கு அது அதுவரை தெரியாத புதினம். பிறகு கார்த் திறப்பு எங்கே என்று கேட்டார்.

அப்பா படுத்தபடியே அறிவுரை சொன்னார். எஞ்சின் சூடேறும் வரைக்கும் அக்ஸிலரேற்றரை அமத்தக் கூடாது, பிரேக் கொஞ்சம் பாரம், வளைவில் மூக்கு நீளம் என்பதை மறக்கக் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். பின்னால் அக்கா வயலினோடும் தலைநிறையப் பூவோடும் ஏறிக்கொண்டதால், வலப்பக்கத்து முன் சீற் எனக்கு வாய்த்தது. இங்கே அது சாரதி இருக்கிற பக்கம். பூஸ்டர் சீற்றில் ஏறி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, வீதியைக் கடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நடுவழியில் நின்றுவிட்டார். நான் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். அம்மா கையை மடியில் வைக்கச் சொன்னார்.

முதலில் அம்மா ஓட்டியது எருமையைக் கயிற்றில் பிடித்து நடத்துவது போலத்தான் இருந்தது. சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். அக்கா நேரத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். எம்-25 பெருவீதிக்குள் ஏறுகிற இடத்தில் அம்மாவுக்கு வலப்பக்கம் தெரியவில்லை.

"பிள்ளை, பார்த்துச் சொல்லு. ஏதும் வருதோ?"

"லொறி ஒண்டு வருது. பெரிசு. பக்கத்திலை வந்திட்டுது."

அம்மா அமத்தினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பொனெற்றுக்குள் எங்கோ ஒரு விசில் மெல்லத் தொடங்கி உயர்ந்தது. யாரோ இரண்டு கைகளாலும் என் நெஞ்சைப் பிடித்துச் சீற்றோடு சேர்த்துத் தள்ளியது போல இருந்தது. பின்னால் பூச்சரம் கழன்று விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது லொறி விளையாட்டுச் சாமான் அளவுக்குச் சிறுத்திருந்தது. அம்மா "ம்" என்றார், கறியில் உப்புச் சரியாக இருக்கும்போது சொல்கிற அதே "ம்".

மேடையில் திரைக்குப் பின்னால் மிருதங்கக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அக்கா நன்றாக வாசித்தாள். எப்படி வந்தீர்கள் என்று கேட்ட மாமிமாரிடம், வேறு வழியில்லாமல் இவருடைய இழவு விழுந்த காரில்தான் என்று அம்மா சலித்துக்கொண்டார்.

திரும்பும்போது அக்கா பின்னால் நித்திரையாகிவிட்டாள். ஹரோவுக்கு இறங்குகிற கிளைவழி வந்தது, போனது.

"அம்மா, எங்கட றோட்டு போயிட்டுது."

"தெரியும்."

அடுத்த கிளைவழியில் இறங்கினார், சுற்றுவட்டத்தைச் சுற்றினார், மறுபடி பெருவீதியில் ஏறினார். விசில் உயர்ந்தது. வந்த பக்கமே வேகமாகப் போய், மறுபடியும் எங்கள் வழியைக் கடந்து அப்பால் போனார். மறுபடி சுற்றுவட்டம், மறுபடி விசில். பாவம், அம்மாவுக்குப் பாதை பிடிபடவில்லை என்று நினைத்து, ஹரோ என்று எழுதிய பலகைகளை நான் உரத்து வாசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அம்மா எஞ்சினை நிற்பாட்டவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார். இறங்குவோமா என்று கேட்டேன். கொஞ்சம் பொறு என்றார். கார் அப்பாவின் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று நெடுநேரம் உறுமியது.

நிற்பாட்டியதும் நான் மாடிக்கு ஓடினேன். அம்மா எப்படி ஓட்டினவ என்று அப்பா கேட்டார். நல்ல மெதுவாகத்தான், வழிதான் பிழைத்துப்போய்விட்டது என்றேன். அப்பா சிரித்தார், நாரி வலித்தது, வலியோடும் சிரித்தார்.

இப்போது அந்தக் காரின் பராமரிப்பு என் கையில். அமத்தி ஓடிவந்த காரின் டர்போ நெருப்பாகக் காய்ந்திருக்கும். உடனே எஞ்சினை நிற்பாட்டினால் உள்ளே இருக்கிற எண்ணெய் கருகிவிடும். அதனால் ஆறும் வரைக்கும் நின்ற இடத்திலேயே சும்மா ஓடவிட வேண்டும். மெல்ல ஓட்டி வந்தவர்களுக்கு அது தேவையில்லை. அன்று காலையில் அப்பா சொன்ன அறிவுரைகளில் அது இருக்கவுமில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் வருடக்கணக்காக ஓயாமல் சொன்ன கதைகளில் மட்டும்தான் அது இருந்தது.

எனக்கு அன்று அதொன்றும் தெரியாது. அம்மாவுக்கு வழி தெரியாததை எண்ணித்தான் அப்பா சிரிக்கிறார் என்று நினைத்து, அம்மாவுக்காக அவரோடு கொஞ்சம் கோபித்துக்கொண்டு படுக்கப் போனேன்.