கோரிக்கை இல்லாத மனு

காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில், வேப்ப மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதும் அப்பாதுரைக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். அது ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரோடு வீட்டுக்குள் வந்து விழும்.

வியாதியின் பெயர் கலைவாணன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருவரும் சேர்ந்துதான் கவிதை எழுத ஆரம்பித்தார்கள். கோயில் திருவிழாக் கவியரங்கத்தில் கைதட்டல் அதிகம் விழுந்தது அப்பாதுரைக்குத்தான். இதை இன்றைக்கும் நினைவு வைத்திருப்பதும் அவர் ஒருவர்தான். கலைவாணன் சென்னைக்குப் போய்க் கவிஞரானார், பேர் வாங்கினார், ஞாயிறு மலரில் ‘தெருவில் கேட்டது’ என்று வாராவாரம் பத்தி எழுதினார். மேலே கன்னத்தில் கைவைத்த போட்டோ வேறு. அப்பாதுரை டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு மரத்தடிக்கு வந்தார். முப்பது வருஷம் ஓடிவிட்டது.

தெருவில் கேட்டது என்று பேரே தவிர, பாதி கேட்டது அப்பாதுரையின் மேசையில்தான். திங்கள்கிழமை குறை கேட்கும் நாள். அன்றைக்குக் கலைவாணன் காரில் வந்து இறங்கி, இரண்டு டீ சொல்லி, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மனு கொடுக்க வந்தவர்கள் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பட்டா கிடைக்காத பெண்ணை அப்பாதுரை ‘மேற்படி மனுதாரர்’ என்று எழுதுவார். கலைவாணன் அதே பெண்ணை, அவள் முந்தானை முடிச்சை, அதில் மடித்து வைத்த பழைய ரசீதை எழுதுவார். மனு ஃபைலுக்குள் போகும். பத்தி ஊரெல்லாம் போகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். வள்ளி அழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருடைய மனைவி வள்ளி, ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கலைவாணன் பத்தியைச் சத்தமாகப் படிப்பாள், பாதியில் மூக்கை உறிஞ்சுவாள். “எப்படித்தான் எழுதறாரோ, நம்மூட்டுப் பக்கத்துல நடந்த மாதிரியே இருக்குது” என்பாள். முப்பது வருஷத்தில் அப்பாதுரை எழுதிய மனுக்களில் ஒன்றையாவது அவள் படித்ததுண்டா? கிடையாது. மனுவை யார் படிப்பார்கள்? வயிறு எரியும். உப்புமா இறங்காது.

அப்படி வயிறு எரிந்த ஒரு ஞாயிற்றுக்கு மறுநாள்தான் அம்சா வந்தாள். அந்தத் திங்கள்கிழமை கலைவாணன் வரவில்லை. தென்னேரிப் பக்கத்தில் ஒரு காலனி. மகள் சுகாசினி ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறாள்.

“காலையில ஏழு நாப்பதுக்கு வர்ற டவுன் பஸ்ஸு எங்க ஸ்டாப்பிங்ல நிக்கறதே இல்லணா. கை காட்டிக்கினே நிக்குது பொண்ணு, அவன் பாட்டுக்கு ஊர் ஸ்டாப்பிங்ல போயி நிறுத்தறான். ரெண்டு மைலு ஓடணும். தெனம் மொத கிளாஸ் போயிடுது. அட்டெண்டன்ஸு எழுவத்தஞ்சு பர்சன்ட் வரலன்னா பரீட்சை எழுத உடமாட்டாங்களாம்ணா.”

வேறு நாளாக இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அனுப்புநர், பெறுநர், பொருள், எந்த பஸ், எத்தனை மணி, எந்த நிறுத்தம், ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு அப்பாதுரைக்குள் பழைய கவியரங்கம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. கலைவாணனுக்கு மட்டும்தான் வருமா?

எழுதினார். அம்சாவைக் கேட்டுக் கேட்டு, சுகாசினியின் வார் அறுந்த செருப்பை எழுதினார், அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓடுவதை எழுதினார். பஸ் ஜன்னலில் உட்கார்ந்து அவளைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வகுப்புத் தோழியை எழுதினார். அந்தக் காலனியில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போகிற பெண் தூசிக்குள் நின்று மூச்சு வாங்குவதோடு முடித்தார். இரண்டு பக்கம். அம்சாவுக்குப் படித்துக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த மேசையில் அழாதவர்கள் குறைவு. ஆனால் எல்லோரும் அவர் எழுதுவதற்கு முன்னால் அழுவார்கள். எழுதிய பிறகு அழுதது அம்சாதான் முதல். அப்பாதுரைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வழக்கமாக அப்படிச் செய்கிறவர் இல்லை.

மூன்று வாரம் கழித்து, திங்கள்கிழமை, அம்சா பதில் கடிதத்தோடு வந்தாள். நான்கே வரி. மனுவில் பேருந்து, நேரம், நிறுத்தம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. கோரிக்கை என்னவென்று தெரிவிக்கப்படவில்லை. ஆகவே மனு முடித்து வைக்கப்பட்டது.

அப்பாதுரை ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தார். உண்மைதான். செருப்பு இருந்தது, தூசி இருந்தது, தோழி இருந்தாள். பஸ்ஸை நிறுத்துங்கள் என்று ஓர் இடத்திலும் இல்லை. முப்பது வருஷமாகத் தூக்கத்தில்கூடத் தப்பாத கை, ஒரே ஒரு நாள் பொறாமைப்பட்டு எழுதியதில் தப்பியிருந்தது.

“அட்டெண்டன்ஸு எழுவத்தொண்ணுக்கு வந்துட்டுதாம்ணா” என்றாள் அம்சா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா அப்புறம் எழுவத்தஞ்சுக்கு ஏத்தவே முடியாதாம். வேற எழுதலாமா?”

வேறு எழுதினால் மறுபடியும் மூன்று வாரம். அப்பாதுரைக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்த கலைவாணன் கை நீட்டி ஜெராக்ஸை வாங்கினார். படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். டீ ஆறிப்போனது.

“டேய், இத நீயா எழுதினே?”

“ஆமா. இப்ப இன்னா அதுக்கு?”

“எனக்கு இப்படி வராதுடா” என்றார் கலைவாணன்.

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! கேட்டபோது அப்பாதுரைக்கு அது மண்ணாக இருந்தது. அவருடைய மண்டைக்குள் எழுபத்தொன்று, எழுபத்தொன்று என்றே ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் அவருக்குத் தெரியும். போன வருஷம் ஒரு தெருவிளக்கைப் பற்றிக் கலைவாணன் எழுதினார்; புதன்கிழமையே விளக்கு எரிந்தது.

“இந்த ஞாயித்துக்கெழம போடுவியா?”

“போடலாம். ஆனா அந்த எடத்துல என் பேரு, என் போட்டோதான் வரும்பா. உன் பேர்ல வரணும்னா நான் ஆசிரியர்கிட்ட பேசி, அவங்க பாத்து, எடம் கெடச்சு... ரெண்டு மாசம் ஆவும். நீயே சொல்லு.”

அப்பாதுரை அம்சாவைப் பார்த்தார். “உன் பேரு போடாம, ஒரு தாய்னு போட்டு வரும்மா. சரியா?”

“யார் பேருல வந்தா இன்னாணா, பஸ்ஸு நின்னா போதும்.”

அவளுக்குப் போதும். அப்பாதுரை பேனாவைத் திறந்து, ஜெராக்ஸின் அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் இரண்டு வரி சேர்த்தார். எந்த பஸ், எத்தனை மணி, எந்த நிறுத்தம், நிற்க ஆவன செய்ய வேண்டும். பிறகு காகிதத்தைக் கலைவாணனிடம் கொடுத்தார். கொடுத்த கை உடனே திரும்பவில்லை.

“இந்த ரெண்டு வரிய மட்டும் வெட்டக்கூடாது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளி கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டுப் படித்தாள். செருப்பு வார் வந்ததுமே குரல் கம்மியது. தோழி வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இதுவரை அவள் எந்தப் பத்திக்கும் இப்படி அழுததில்லை. அப்பாதுரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கைவைத்த அந்தப் போட்டோவின்மேல் இதற்குமுன் எத்தனையோ முறை வயிறு எரிந்திருக்கிறது. தன் சொந்த எழுத்தைப் பார்த்து எரிந்தது அன்றைக்குத்தான். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் நம்புவாளா? கலைவாணன் எழுதியதைத் தன்னுடையது என்று பீற்றிக்கொள்வதாக நினைப்பாள்.

வியாழக்கிழமை அம்சா போன் பண்ணினாள். “நின்னுட்டுதுணா! பொண்ணு ஏறிட்டுது. பேப்பர கையிலயே வச்சிக்கினு போச்சு.”

போனை வைத்துவிட்டு வள்ளியிடம் சொன்னார். அவள் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கடியில் வெட்டி வைத்திருந்த பத்தியை எடுத்தாள்.

“பின்ன? அவரு எழுதினா நிக்காம இருக்குமா?” என்றாள். அப்புறம் கடைசி வரிகளில் விரலை வைத்து முகத்தைச் சுளித்தாள். “ஆனா இந்த ரெண்டு வரி மட்டும் ஒட்டவே இல்லங்க. எவ்ளோ அழகா போயிக்கினு இருக்குது, சடார்னு மனு மாதிரி.”

“அது நான் சேத்தது” என்றார் அப்பாதுரை.

வள்ளி சிரித்துவிட்டாள். “படிச்சப்பவே நெனச்சேன்” என்றாள்.